சுற்றுச்சூழல் பட்டப்படிப்பு: மரத்தை நேசித்தால் மட்டும் போதுமா?

மேல்நிலைத் தேர்வு எழுதி முடித்தவர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டில் இருப்பவர், தேசிய சேவையை முடிக்கப்போகிறவர். மூவருக்கும் வீட்டில் வரும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன படிக்கப் போற?"

"சுற்றுச்சூழல்" என்று சொல்லிப் பாருங்கள். "மரம் நடுற படிப்பா?" என்பார் மாமா. "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்பார் அத்தை.

அத்தையின் கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு வருவோம். மாமாவின் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள், விண்ணப்பிக்கும் மாணவர்கள் உட்பட. இயற்கை பிடிக்கும், விலங்குகள் பிடிக்கும், பருவநிலை மாற்றத்தை நினைத்தால் கவலை வருகிறது. அதனால் இந்தப் படிப்பு நமக்குத்தான் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஆர்வம் வேண்டும்தான். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் கற்றுக்கொள்ளப்போவது வேறு. இரண்டு நியாயமான தேவைகள் ஒரே இடத்தில் மோதும்போது, எதைச் செய்தால் எதை இழப்போம் என்பதை ஆதாரத்தோடு சொல்லக் கற்பதே இந்தப் படிப்பு.

ஒரு காடு, இரண்டு நியாயங்கள்

டோவர் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலு பாண்டான் வட்டாரத்தில் சுமார் 33 ஹெக்டர் பரப்பில் தானாக வளர்ந்த காடு அது. வீடமைப்புக்கென்று பல ஆண்டுகளுக்கு முன்பே ஒதுக்கப்பட்ட நிலம். அங்கே வீவக வீடுகள் கட்டும் திட்டம் பற்றிப் பேச்சு வந்ததும், காட்டை விட்டுவிடுங்கள் என்று பலர் குரல் கொடுத்தார்கள். விவகாரம் நாடாளுமன்றம்வரை போனது.

2021 ஜூலையில் முடிவு அறிவிக்கப்பட்டது. கிழக்குப் பாதியில் வீடுகள். மேற்குப் பாதியில் சுமார் 5 ஹெக்டர் பரப்பில் இயற்கைப் பூங்கா. அந்தப் பாதியில் எஞ்சிய நிலம் இப்போதைக்கு அப்படியே இருக்கும். சுமார் பத்தாண்டுக்குப் பிறகு மறுபரிசீலனை.

இதில் யார் வில்லன்? காட்டுக்காகக் குரல் கொடுத்தவரா, வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதியா? இன்னும் சில ஆண்டுகளில் நீங்களே பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது உங்கள் நியாயம் எந்தப் பக்கம் இருக்கும்?

சரி, மேற்குப் பாதி ஏன் தப்பியது? அங்கே இயற்கையான ஓடை ஒன்று ஓடுகிறது. செடிகொடிகளும் உயிரினங்களும் அந்தப் பாதியில் அதிகம். இது எப்படித் தெரிந்தது? யாரோ காட்டுக்குள் நடந்து, பார்த்து, எண்ணி, எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் இரு பாதிகளும் வரைபடத்தில் ஒரே பச்சை நிறமாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கவும், அதை வைத்துப் பேசவும் இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது.

பெயர்கள் ஒரே மாதிரி, படிப்புகள் வேறு

விண்ணப்பிக்கும்போது குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கும். "சுற்றுச்சூழல்" என்ற சொல் பல பட்டங்களின் பெயரில் இருக்கிறது. ஆனால் அவற்றைப் படித்துவிட்டுச் செய்யும் வேலைகள் வேறு வேறு.

- சுற்றுச்சூழல் பொறியியல்: கழிவுநீரை எப்படிச் சுத்திகரிப்பது, புகைபோக்கியில் வரும் நச்சுவாயுவை எப்படிப் பிடிப்பது என்று கருவிகளையும் நிலையங்களையும் வடிவமைப்பது. கணிதமும் இயற்பியலும் அதிகம்.

- சுற்றுச்சூழல் அறிவியல்: நீர், மண், காற்று, உயிரினங்கள் ஆகியவற்றில் என்ன நடக்கிறது என்று அளந்து கண்டுபிடிப்பது. ஆய்வுக்கூடமும் களமும் சரிபாதி.

- சுற்றுச்சூழல் கல்வி எனும் பரந்த பட்டப்படிப்பு: அறிவியலோடு சட்டம், பொருளியல், சமூகம், அரசாங்கக் கொள்கை ஆகியவற்றையும் சேர்த்துப் படிப்பது. "என்ன நடக்கிறது" என்பதோடு, "ஏன் மனிதர்கள் இப்படிச் செய்கிறார்கள், எதை மாற்றினால் நிற்கும்" என்றும் கேட்பது.

கழிவுநீர் நிலையம் கட்ட ஆசைப்படுபவர் மூன்றாவதில் சேர்ந்தால் ஏமாந்துபோவார். கொள்கை விவாதத்தில் ஆசை உள்ளவர் முதலாவதில் சேர்ந்தால் திணறுவார். பட்டத்தின் பெயரை நம்பாமல், பாடப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பாடமாகப் படியுங்கள்.

ஏன் இத்தனை துறைகள்? புகைமூட்டத்தைப் பாருங்கள்

2013 ஜூன் 21. சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை. ஜன்னல்களை மூடிவைத்து, முகக்கவசம் தேடி அலைந்த அந்த நாள்களை வீட்டில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அது ஏன் நடந்தது? ஒரு துறையை மட்டும் படித்தவரால் முழுப் பதிலையும் சொல்ல முடியாது.

மண்ணைப் படித்தவர் சொல்வார்: சுமத்ராவிலும் கலிமந்தானிலும் 'பீட்' எனப்படும் சதுப்புக் கரிமண் இருக்கிறது. இறந்த செடிகள் தண்ணீருக்குள் கிடந்ததால் மட்கிப்போகாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான மண். தோட்டம் போட அதில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண் காய்கிறது. காய்ந்த கரிமண் எரிபொருள் மாதிரி. தீ நிலத்துக்கு அடியில் புகைந்துகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் அணையாது.

வானிலையைப் படித்தவர் சொல்வார்: தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை நம் பக்கம் தள்ளுகிறது. எல் நினோ வரும் ஆண்டில் மழை குறைந்து நிலைமை இன்னும் மோசமாகிறது.

பொருளியல் படித்தவர் சொல்வார்: இயந்திரம் வைத்து நிலத்தைத் துப்புரவு செய்வதைவிடத் தீ வைப்பது மலிவு. அந்தப் புகையால் மற்றவர்களுக்கு ஏற்படும் மருத்துவச் செலவு, தீ வைத்தவரின் கணக்கில் வருவதில்லை.

சட்டம் படித்தவர் சொல்வார்: தீ ஒரு நாட்டில், பாதிப்பு இன்னொரு நாட்டில். அதனால்தான் சிங்கப்பூர் 2014ஆம் ஆண்டு எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் புகைமூட்டம் ஏற்படக் காரணமான நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் அதன்மீது நடவடிக்கை எடுக்கலாம். நாள் ஒன்றுக்கு 100,000 வெள்ளிவரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். ஆனால் எந்த நிலம் யாருடையது என்று நிரூபிக்க வரைபடம் வேண்டும். துணைக்கோளப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

நான்கு பேர், நான்கு பதில்கள். நான்குமே சரி. இந்த நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், ஒருவர் பேசுவதை இன்னொருவருக்குப் புரியவைக்கும் ஆள் ஒருவர் தேவை. சுற்றுச்சூழல் பட்டதாரி பெரும்பாலும் உட்காரும் நாற்காலி அதுதான்.

வகுப்பில் என்ன நடக்கும்?

முதல் ஆண்டில் அடிப்படைகள்: உயிரியல், புவியியல், கொஞ்சம் வேதியியல், புள்ளியியல். அடுத்தடுத்த ஆண்டுகளில் பொருளியல், சட்டம், பொதுச் சுகாதாரம், கொள்கை வகுப்பு ஆகியவை சேரும். கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வு.

களப்பணியும் உண்டு. சதுப்புநிலக் காட்டுச் சேற்றில் கால் புதையும். கொசு கடிக்கும். அலை ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். சமூக ஊடகத்தில் போடும் அழகான படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அங்கே கற்றுக்கொள்ளும் முதல் விஷயம் எளிமையானது. கடற்கரையில் நேர்கோடாக ஒரு நாடாவை விரிப்பார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் சதுரச் சட்டம் ஒன்றை வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணுவார்கள். ஏன் இந்தக் கட்டுப்பாடு? நம் இஷ்டத்துக்கு விட்டால், கண்ணுக்கு அழகான நட்சத்திர மீன் இருக்கும் இடத்தைத்தான் தேடிப் போய் எண்ணுவோம். வெறும் மணலை விட்டுவிடுவோம். கணக்கு பொய்யாகிவிடும். நமக்குப் பிடித்த பதிலை நோக்கி நாமே சாய்ந்துவிடாமல் இருப்பதற்கான பயிற்சி அது.

எண்ணியதைக் கணினியில் ஏற்றிப் புள்ளியியல் பார்க்க வேண்டும். புவியியல் தகவல் முறை என்ற மென்பொருளில் காடு, சாலை, மேடு பள்ளம், வெள்ளம் தேங்கும் இடம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைபடம் தயாரிக்க வேண்டும். "கணக்கு வராது, அதனால்தான் இங்கே வர்றேன்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

மனிதர்களிடம் கேட்கவும் கற்றுக்கொள்வீர்கள். "மரங்களைக் காக்க வேண்டுமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்? "அதற்காக உங்கள் வீடு இரண்டு ஆண்டு தாமதமானால் சம்மதமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் மாறும். கேள்வியை எப்படி அமைப்பது என்பதே ஒரு பாடம்.

சிங்கப்பூரில் எங்கே படிக்கலாம்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2011ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அறிவியல் புலமும் கலை, சமூக அறிவியல் புலமும் சேர்ந்து உருவாக்கிய படிப்பு அது. நான்கு ஆண்டுகள். உயிரியல் பக்கமோ புவியியல் பக்கமோ சிறப்புத் தேர்ச்சி பெறலாம்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி, புவி அமைப்புகளை மையமாக வைத்த அறிவியல் பட்டத்தை வழங்குகிறது. எரிமலை, நிலநடுக்கம், கடல்மட்டம், பவளப்பாறை போன்றவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். சமூகமும் புவியும் சந்திக்கும் இடத்தைப் பற்றிப் படிக்கும் பிரிவும் அங்கே உண்டு.

இரண்டு பல்கலைக்கழகங்களிலும் சுற்றுச்சூழல் பொறியியலும் தனியாக இருக்கிறது. மேலே சொன்ன வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும் வழி உண்டு. தொடர்புடைய பட்டயப்படிப்பு முடித்தவர்கள் சில பாடங்களிலிருந்து விலக்குப் பெறவும் வாய்ப்பிருக்கிறது. தேவைப்படும் பாடங்களும் மதிப்பெண்களும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் இணையப்பக்கத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகங்கள் பொது வரவேற்பு தினம் நடத்தும்போது நேரில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்புல உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" விளம்பரக் கையேட்டில் இல்லாத தகவல் அப்போதுதான் கிடைக்கும்.

படித்தது நிஜத்தில் எங்கே உதவும்?

குறுக்குத் தீவு ரயில் பாதை ஓர் உதாரணம். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்குக் கீழே போவதா, காட்டைச் சுற்றிப் போவதா என்பது பல ஆண்டுகள் நீடித்த கேள்வி. 2013ஆம் ஆண்டிலேயே இயற்கை ஆர்வலர்கள் கவலை தெரிவித்தார்கள். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டின் முதல் கட்ட முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியாயின.

2019 டிசம்பரில் முடிவு வந்தது: நேரடிப் பாதை. காட்டுக்குக் கீழே சுமார் 2 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம். காட்டுக்குள் நிலத்துக்கு மேலே கட்டுமானம் இருக்காது. சுற்றுப் பாதையைவிடப் பயண நேரம் சுமார் 6 நிமிடம் குறையும். ஏறக்குறைய 2 பில்லியன் வெள்ளி மிச்சம். ரயில் ஓட மின்சாரமும் குறைவாகத் தேவைப்படும்.

இயற்கைக்குத் தோல்வியா? அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் காட்டைப் பற்றிய அந்த ஆய்வும் இத்தனை நுணுக்கமாக நடந்திருக்காது. மண்ணைச் சோதிக்க வனப்பகுதிக்குள் போடப்படவிருந்த துளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டதும் அந்த மதிப்பீட்டுக் கட்டத்தில்தான்.

புலாவ் உபினில் உள்ள செக் ஜாவா இன்னொரு கதை. 2001ஆம் ஆண்டு அங்கே நிலமீட்புப் பணி தொடங்கவிருந்தது. கடற்புல், சதுப்புநிலம், பாறைக்கரை, மணற்கரை என்று பல வாழிடங்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் பகுதி அது என்பது அப்போது பலருக்குத் தெரியாது. உயிரியலாளர்களும் தொண்டூழியர்களும் அலை இறங்கும் நேரம் பார்த்துப் போய்ப் பதிவு செய்தார்கள். பொதுமக்கள் கருத்துச் சொன்னார்கள். 2002 ஜனவரியில் நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது.

ரத்து செய்யப்படவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. இந்த ஒரு சொல்லின் வித்தியாசத்தைக் கவனிப்பதும் இந்தப் படிப்பின் பகுதிதான்.

சரி, அத்தையின் கேள்விக்கு வருவோம்

"என்ன வேலை கிடைக்கும்?"

நேர்மையான பதில்: மருத்துவம், சட்டம் மாதிரி ஒரே பாதை இதில் இல்லை. பட்டம் கையில் வந்ததும் ஒரு குறிப்பிட்ட வேலை காத்திருக்காது. ஆனால் தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வழி தெரியும்.

சட்டத்திலிருந்து வருகிறது. சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டு கரிம வரியைத் தொடங்கியபோது, ஒரு டன் வெளியேற்றத்துக்கு 5 வெள்ளி. 2024இல் 25 வெள்ளி. 2026இல் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளிவரை உயரலாம். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்கள் 2025 நிதியாண்டிலிருந்து தங்கள் வெளியேற்றத்தைக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும். நேரடியாக வெளியேற்றுவது, வாங்கும் மின்சாரத்தால் வருவது ஆகிய இரண்டும் அந்தக் கணக்கில் அடங்கும். அதைச் சரியாகச் செய்ய ஆள் வேண்டும்.

கடலிலிருந்து வருகிறது. சிங்கப்பூரின் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு வெளியான தேசியப் பருவநிலை ஆய்வின்படி, வெளியேற்றம் கட்டுக்கு மீறினால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரலாம். கரையோரத்தை எப்படிக் காப்பது என்ற வேலை ஒரு தலைமுறைக்கு நீடிக்கும்.

குப்பையிலிருந்தும் வருகிறது. நம்மிடம் இருப்பது செமாக்காவ் ஒன்றுதான். 1999ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய அந்தக் குப்பை நிரப்புமிடம், 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எரித்துக் குப்பையின் அளவை சுமார் 90 விழுக்காடு குறைத்த பிறகும் இந்த நிலை.

ஆக, பட்டதாரிகள் போகும் இடங்கள் இவை:

- தேசியப் பூங்காக் கழகம், தேசியச் சுற்றுப்புற வாரியம், பொதுப் பயனீட்டுக் கழகம் போன்ற அரசாங்க அமைப்புகள்
- கட்டுமானத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள்
- வங்கிகள், விமான நிறுவனங்கள், சொத்து மேம்பாட்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் நீடித்த நிலைத்தன்மைப் பிரிவுகள்
- ஆய்வு, ஆசிரியர் பணி, செய்தித்துறை, அறநிறுவனங்கள்

ஒன்றை மறக்க வேண்டாம். இவற்றில் பல வேலைகளுக்கு வணிகம், பொறியியல், வேதியியல் படித்தவர்களும் விண்ணப்பிப்பார்கள். போட்டி உண்டு. உங்களைத் தனித்துக் காட்டுவது பட்டத்தின் பெயர் இல்லை. வரைபட மென்பொருள் தெரியுமா, தரவைக் கையாளத் தெரியுமா, தெளிவாக அறிக்கை எழுதத் தெரியுமா, வேலைப் பயிற்சியில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். இரண்டாம் ஆண்டு முதலே வேலைப் பயிற்சி தேடுங்கள். சில அரசாங்க அமைப்புகள் உபகாரச் சம்பளமும் தருகின்றன. சேவை ஒப்பந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

தமிழ் தெரிந்தது எப்படி உதவும்?

சிங்கப்பூரில் வெளிப்புறக் கட்டுமானத்தில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வெப்பம் அதிகரிப்பதன் முதல் அடி அவர்கள்மீதுதான் விழுகிறது.

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. சூடு, ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு ஒன்று இருக்கிறது. அது 32 டிகிரி செல்சியஸை எட்டினால், வெளியில் கடினமான வேலை செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33ஐ எட்டினால் 15 நிமிடம்.

விதி எழுத்தில் இருக்கிறது. வேலையிடத்தில் எப்படி நடக்கிறது? ஓய்வு நேரத்தில் உட்கார நிழல் இருக்கிறதா? தலை சுற்றினால் மேற்பார்வையாளரிடம் சொல்லத் தயக்கமா? ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம் நீட்டினால் "எல்லாம் ஓகே சார்" என்ற பதிலே வரலாம். "அண்ணே, மத்தியானம் ரெண்டு மணிக்கு எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று தமிழில் பேச்சை ஆரம்பித்தால் வேறு பதில் வரும்.

வெப்பமானியின் எண்ணும் அந்த அண்ணனின் பதிலும் சேர்ந்தால்தான் ஆய்வு முழுமை. வீட்டில் பேசும் மொழியை ஆய்வுக் கருவியாகப் பயன்படுத்தும் வாய்ப்பு எல்லாத் துறையிலும் கிடைப்பதில்லை.

கெட்ட செய்தியே படித்தால் மனசு உடையாதா?

நிறைய மாணவர்கள் வெளியில் சொல்லாத கவலை இது. பவளப்பாறை வெளுக்கிறது, காடு அழிகிறது, வெப்பம் ஏறுகிறது. நான்கு ஆண்டுகள் இதையே படிப்பது சுலபம் இல்லை. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தப் படிப்பில் மீட்புக் கதைகளும் உண்டு. இருவாச்சிப் பறவை 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து காணாமல் போனது. 1994ஆம் ஆண்டு புலாவ் உபினில் மறுபடியும் தென்பட்டது. வந்த பறவை பெருகவேண்டுமே? அதற்கு என்ன தடை என்று ஆராய்ந்தார்கள். இருவாச்சி பெரிய மரப்பொந்தில்தான் கூடு வைக்கும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை சின்ன இடைவெளி வழியே இரை ஊட்டும். அப்படிப்பட்ட பொந்து உள்ள பழைய மரங்கள் குறைவு.

ஆக, தேவைப்பட்டது வீடு. செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரங்களில் பொருத்தினார்கள். பறவைகள் குடியேறின. இன்று சாங்கி பக்கம் போனால் தலைக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டு பறப்பதைப் பார்க்கலாம்.

"இயற்கையைக் காப்போம்" என்று சுவரொட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பறவை பெருகியிருக்காது. எது தடை என்று சரியாகக் கண்டுபிடித்ததால் பெருகியது. கவலையோடு படிக்க வரும் மாணவருக்கு இந்தப் படிப்பு தரக்கூடிய ஆறுதல் அதுதான்: கவலையைச் செய்யக்கூடிய ஒரு வேலையாக மாற்றுவது.

விண்ணப்பிக்கும் முன்: மூன்று வாரப் பரிசோதனை

நான்கு ஆண்டுகளைக் கொடுப்பதற்கு முன் மூன்று வாரம் கொடுத்துப் பாருங்கள். செலவு அதிகம் இல்லை.

- முதல் வாரம், எண்ணுங்கள். தேசியப் பூங்காக் கழகம் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் எண்ணும் நடவடிக்கைகளில் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 1992 முதல் சிங்கப்பூரில் நடக்கும் அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவில், பொறுக்கும் குப்பையை வகைப்படுத்தி எண்ணிப் பதிவு செய்வார்கள். அதில் சேர முடியாவிட்டால் உங்கள் புளோக்குக்குக் கீழே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏழு நாள் பறவைகளை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் நாள் அலுத்துவிட்டதா, இல்லை, "நேத்து ஏன் குறைஞ்சுது?" என்று யோசிக்கிறீர்களா?

- இரண்டாம் வாரம், படியுங்கள். ஏதாவது ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைத் தேடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். சுருக்கத்தை மட்டும் படியுங்கள். எங்கே சந்தேகம் வருகிறது என்று குறித்து வையுங்கள்.

- மூன்றாம் வாரம், கேளுங்கள். உங்கள் கருத்துக்கு நேர் எதிரான கருத்து உள்ள ஒருவரிடம் பேசுங்கள். குளிர்சாதனத்தை நாள் முழுக்கப் போடும் அண்ணனாக இருக்கலாம். பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவதைத் திட்டும் பாட்டியாக இருக்கலாம். திருத்தப் போகாதீர்கள். அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதை அவரே ஒத்துக்கொள்ளும் விதத்தில் எழுதிப் பாருங்கள்.

மூன்றில் எண்ணுவது மட்டும் பிடித்திருந்தால், உயிரியலோ புவி அறிவியலோ உங்களுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கலாம். கேட்பது மட்டும் பிடித்திருந்தால் சமூகவியலையும் பொதுக் கொள்கையையும் பாருங்கள். எதுவுமே பிடிக்கவில்லையா? பரவாயில்லை. வேறு துறையில் படித்துக்கொண்டே வார இறுதியில் தொண்டூழியம் செய்யலாம். இயற்கையை நேசிக்கப் பட்டம் தேவையில்லை.

மூன்றும் பிடித்திருந்தால், பாடப் பட்டியலைத் திறந்து படிக்க ஆரம்பியுங்கள். சிங்கப்பூர் சின்ன ஊர். வீடு, ரயில், குப்பை, காடு, கடலோரத் தடுப்பு எல்லாவற்றுக்கும் இருக்கும் நிலம் ஒன்றுதான். அதை எப்படிப் பங்கிடுவது என்ற பேச்சு இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். அந்த மேசைக்கு ஆதாரத்தோடு வருபவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு.